அனுப்பாத பெயர்கள்

மாமல்லபுரத்தில் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கிறேன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மத்திய அரசு லைசென்ஸ், பிரெஞ்சு மொழி. 2019 டிசம்பரில், எங்கள் ஊர் இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி தருவதாக ஒரு கடிதம் என் கைக்கு வந்தது. வழிகாட்டிகள் சங்கச் செயலாளர் என்ற முறையில் வந்தது. அதை மறைத்தேன். கேட்ட பெண்ணிடம் பொய் சொன்னேன். போனில் கேட்ட அதிகாரியிடம் அதைவிடக் கேவலமான பொய் சொன்னேன்.

மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். சங்கத்தில் சிலர் அப்படிச் சொல்லிவிட்டுப் போகும்படி யோசனையும் சொன்னார்கள். மறதி இல்லை. தெரிந்தே செய்தேன். ஏன் செய்தேன் என்பதும் அப்போதே எனக்குத் தெரியும். படிக்கிற நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்றால் முழுக்கதையும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

என் தொழிலிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் ஊர்ச் சின்னங்கள் 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. நான் இந்த வேலைக்கு வந்தபோது வெள்ளைக்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒத்தவாடைத் தெருவில் மீனவர் வீட்டு மாடியில் அறை எடுத்து, லுங்கி கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கிடந்தவர்களும் உண்டு. அவர்களிடம்தான் முதல் பிரெஞ்சு வார்த்தையைப் பிடித்தேன். பிறகு புதுச்சேரிக்குப் போய் முறையாகப் படித்தேன். லைசென்ஸ் கிடைத்தது. சட்டைப்பையில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஐந்து ரதத்துக்குள் நுழைந்தால் வாட்ச்மேன் எழுந்து நிற்பார்.

அந்தக் காலத்தில் வழிகாட்டிக்கு வேண்டியது இரண்டுதான். ஒரு அயல்மொழி, ஒரு நல்ல தொண்டை. சுற்றிப் பார்க்க வருகிறவர்களைப் பார்ட்டி என்போம். அவர்கள் கையில் கனமான கைடு புத்தகம் ஒன்று இருக்கும். அதற்கு மேல் அவர்கள் தெரிந்துகொள்ள நான் ஒருவன்தான் வழி. நான் சொன்னதுதான் வரலாறு.

அதில் எவ்வளவு உண்மை என்று கேட்டால் தலைகுனிவேன். ஏழு கோயில் இருந்தது, ஆறைக் கடல் கொண்டுபோய்விட்டது என்பேன். 2004 சுனாமிக்குப் பிறகு அந்தக் கதைக்கு இன்னும் கிராக்கி கூடியது. சாளுவன்குப்பத்தில் மண்ணுக்கடியிலிருந்து பழைய முருகன் கோயில் ஒன்றைத் தொல்லியல் துறை தோண்டி எடுத்தது. ஊரிலிருந்து ஆட்டோவில் போகும் தூரம். அதைப் பற்றி அவர்கள் எழுதியதை நான் படிக்கவில்லை. கடலுக்குள் இறங்கி ஆறு கோயிலையும் எண்ணிவிட்டு வந்தவன் மாதிரி பேசிக்கொண்டிருந்தேன். ஊரில் உள்ள எல்லாவற்றையும் முதலாம் நரசிம்மவர்மன் என்கிற மாமல்லன் தலையிலேயே கட்டுவேன். மாமல்லன் ஊர், மாமல்லன் கட்டினான், கதை முடிந்தது. கடற்கரைக் கோயில் பின்னால் வந்த ராஜசிம்மன் காலத்தது என்பது பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரிகிற காலத்தில்கூட நான் மாற்றிக்கொள்ளவில்லை. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி 1962லேயே இந்த ஊர்ச் சின்னங்கள் அத்தனையும் ராஜசிம்மன் செய்தவை என்று வாதாடி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். ஏற்பவர்களும் மறுப்பவர்களும் உண்டு. இந்த ஊரில் சோறு தின்கிற வழிகாட்டிக்கு அப்படி ஒரு வாதம் இருப்பதாவது தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அது ஐம்பது வயதுக்கு மேல், என் வயதில் பாதிகூட இல்லாத ஒரு பெண் சொல்லித்தான் தெரிந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுற்றிக் காட்டி முடித்ததும் பார்ட்டியைச் சிற்பக் கடைக்குக் கூட்டிப்போவோம். விற்றால் கமிஷன். ஊரறிந்த விஷயம்தான். கமிஷன் தராத பட்டறைப் பக்கம் என் பார்ட்டி திரும்பியதே இல்லை. நான் சொல்லப்போகிற பெண்ணின் அப்பா அப்படிப்பட்ட பட்டறைக்காரர். கருங்கல்லில் கையால் உளி பிடிக்கிறவர். 'நான் எதுக்கு அண்ணே வெலைய ஏத்திச் சொல்லணும்?' என்பார். அவர் பட்டறையைத் தாண்டித்தான் கடைக்குப் போக வேண்டும். தாண்டிப் போனேன்.

பிறகு தொழில் மாறியது. ஒரே நாளில் மாறவில்லை. பஸ்ஸில் வரும் குரூப் குறைந்து எஃப்ஐடி கூடியது. அதாவது குடும்பமாக, ஜோடியாக, தனியாக வருகிறவர்கள். அவர்கள் ஹோட்டல் வரவேற்பில் நின்று 'கைடு வேண்டும்' என்று கேட்பதில்லை. ஊரில் கிளம்பும் முன்பே போனில் பார்த்து, நட்சத்திரம் எண்ணி, ஆளைப் பதிவு செய்துகொண்டு வருகிறார்கள். வந்த பிறகு பாறை முன்னால் நின்று நான் ஒன்று சொல்ல, அவர்கள் போனில் இன்னொன்றைப் படிக்கிறார்கள். கேள்வி கேட்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருகிற அம்மாவை எந்தப் பக்கமாகக் கொண்டுபோகலாம் என்கிறார்கள். இதை இரண்டு நிமிட வீடியோவாகச் சொல்ல முடியுமா என்கிறார்கள். இவை எல்லாம் புது வேலை. கற்றுக்கொள்ள முடியாத வேலை அல்ல. எனக்குக் கற்றுக்கொள்ளப் பிடிக்கவில்லை.

பெரிய மாற்றம் வேறு. நம் நாட்டு ஜனமே அலையலையாக வரத் தொடங்கியது. ஆந்திரா, தெலங்கானா, வடக்கே குஜராத் வரை. திருப்பதி, காஞ்சிபுரம், மாமல்லபுரம், புதுச்சேரி என்று ஒரே ஓட்டமாக ஓடுகிறவர்கள். இவர்களுக்குத் தெலுங்கும் இந்தியும் தெரிந்த ஆள் வேண்டும். நான் இவர்களைப் பார்ட்டி என்று சொன்னதே இல்லை, 'கூட்டம்' என்பேன். காசு தரமாட்டார்கள், கதை கேட்கமாட்டார்கள், நிழலில் உட்கார்ந்து புளிசாதம் தின்பார்கள் என்பேன். சொந்த நாட்டு மனிதர்களைப் பற்றி இப்படித்தான் பேசினேன். 2019இல் டிக்கெட் விலை இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. என் மரியாதையும் அதே கணக்கில் இருந்தது.

2019 அக்டோபர் 11 அன்று பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் எங்கள் ஊருக்கு வந்தார்கள். அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைக் கல், ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் என்று நடந்து பார்த்தார்கள். அதற்காக ஊரே கழுவித் துடைக்கப்பட்டது. மறுவாரத்திலிருந்து ஜனம் அப்படி ஒரு ஜனம். இரண்டு தலைவர்களும் நின்ற இடத்தில் நின்று படம் எடுக்க வேண்டும் என்று வந்தார்கள். ஊர் பரபரத்தது. இத்தனை பேருக்குக் காட்ட ஆள் எங்கே என்ற கேள்வி மேலேயும் எழுந்திருக்க வேண்டும். கடிதம் அதனால்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

இப்போது அந்தப் பெண்.

பட்டறைக்காரரின் மூத்த மகள். வரலாறு படித்தாள். புதுச்சேரியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் பிரெஞ்சும் படித்தாள். திரும்பி வந்ததும் அப்பா அவளை என்னிடம் கூட்டிவந்தார். 'உங்க கூட நின்னு கத்துக்கட்டும் அண்ணே' என்றார். சரி என்றேன். சம்பளம் கிடையாது. தண்ணீர் பாட்டில் தூக்குவாள், பார்ட்டி பின்னால் கடைசியாக நடந்து யாரும் வழி தவறாமல் பார்த்துக்கொள்வாள், வயதானவர்கள் படி ஏறும்போது கை கொடுப்பாள். பதிலுக்கு என்னிடம் கற்றுக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. நான் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. அவளாகக் கேட்டுக் கற்றாள். இரவில் படித்தாள். கூடவே கடற்கரையில் கூலிங்கிளாஸ் விற்கும் பையன்களிடம் இந்தியும் பழகினாள். அந்தப் பையன்களில் சிலர் நாலு மொழியில் விலை பேசுவார்கள். அவர்களை நான் மொழி தெரிந்தவர்களாக எண்ணியதே இல்லை.

2019 நவம்பரில் ஒரு பிரெஞ்சு குரூப். காலையில் அர்ச்சுனன் தபசுப் பாறைச் சிற்பத்துக்குப் போனோம். அந்தப் பாறை கிழக்குப் பார்த்தது, காலை வெயிலில்தான் உருவங்கள் எழுந்து நிற்கும். 90 அடிக்கு மேல் நீளம். நான் வழக்கம்போல யானையில் தொடங்கி, பின்னங்காலில் நின்று தவம் செய்கிற பூனைக்கு வந்தேன். கையைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் பூனை, காலடியில் எலிகள். அந்தப் பூனையை எங்கள் அரசியல்வாதி என்று சொல்வேன். எல்லா நாட்டுக்காரரும் சிரிப்பார்கள். எத்தனை வருடமாகவோ அதே சிரிப்பு.

சிரிப்பு அடங்கியதும் ஒரு அம்மா கேட்டார். 'இது அர்ச்சுனன்தான் என்று எப்படித் தெரியும்? பகீரதன் என்றும் படித்தேனே?' நான் 'அர்ச்சுனன் தபசு என்றுதானே பெயர்' என்றேன். அது பதில் இல்லை. அந்த அம்மாவுக்கும் தெரிந்தது. அப்போது பின்னாலிருந்து இவள் சொன்னாள், மெதுவாக, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அனுமதி கேட்பது போல. நடுவில் உள்ள பிளவைப் பாருங்கள் என்றாள். அதில் நாகர்கள் மேல்நோக்கி வருகிறார்கள். அது நீர் ஓடும் இடம், அதனால் கங்கை இறங்குவதாகக் கொள்கிறார்கள். கையில் ஆயுதத்தோடு நிற்கும் சிவனையும் எலும்பும் தோலுமாக நிற்கும் தவசியையும் பாருங்கள். பாசுபதம் கேட்ட அர்ச்சுனன் என்பவர்கள் அதைக் காட்டுகிறார்கள். ஆளுக்கு ஒரு சான்று இருக்கிறது, கல்வெட்டு எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை என்றாள். பிறகு கீழே ஒரு மானைக் காட்டினாள். பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்கிற மான். 'இதைச் செதுக்கியவர் மானைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். என் அப்பா சொல்வார்' என்றாள்.

குரூப் முழுக்க அவள் பக்கம் திரும்பிவிட்டது. நான் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு எல்லோருடைய முதுகும் தெரிந்தது.

அவளுடைய பிரெஞ்சில் பிழை இருந்தது. ஒரு வினையை மாற்றிப் போட்டாள். அதை மட்டும் பிடித்துக்கொண்டேன். வேனில் திரும்பும்போது எல்லார் முன்னிலும் திருத்தினேன். 'சரி சார்' என்றாள். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமை என்று நாகரிகமாகச் சொல்லலாம். பயம் என்பதுதான் சரி. இவளுக்கு ஒரு அட்டை கிடைத்துவிட்டால் என்னை யார் கூப்பிடுவார்கள்?

கடிதம் டிசம்பரில் வந்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்துதான் பிரித்தேன். ஒரு பக்கக் கடிதம். உள்ளூர் இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி, இலவசம், பயணப்படி உண்டு. சின்னங்களின் வரலாறு, விருந்தினரிடம் நடந்துகொள்ளும் முறை, முதலுதவி, ஒரு மொழி. முடித்தால் தேர்வு, தேர்வானால் அடையாள அட்டை. தகுதியானவர்களின் பெயரைச் சங்கம் பரிந்துரைக்க வேண்டும். கடைசித் தேதி ஜனவரி 20. கீழே ஒரு வரி: பழைய வழிகாட்டிகளும் புத்தாக்கப் பயிற்சிக்கு வரலாம்.

அந்தக் கடைசி வரியை இரண்டாம் தடவை படித்தேன். பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து நானும் பாடம் கேட்க வேண்டுமா என்று தோன்றியது. யாரோ ஒரு பேராசிரியர் வந்து கடற்கரைக் கோயில் யார் காலம் என்று கேட்பார். நான் தவறாகச் சொல்வேன். பக்கத்தில் இவள் சரியாகச் சொல்வாள்.

மனத்தில் உடனே பட்டியல் ஓடியது. இவள். கூலிங்கிளாஸ் விற்கும் பையன்களில் டிகிரி முடித்த இரண்டு பேர். சிற்பக் கல்லூரியில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த ஒரு தம்பி. லாட்ஜில் ரூம் பாயாக இருந்த, ஜெர்மன் பேசும் ஒருவன். ஆட்டோக்காரர் ஒருவரின் மருமகள், தெலுங்கு வீட்டுப் பெண். ஆறு பெயர். யோசிக்கவே தேவைப்படவில்லை. அந்த டீ ஆறுவதற்குள் எழுதி முடித்திருக்கலாம். பேனா சட்டைப்பையில் இருந்தது.

கடிதத்தை நான்காக மடித்தேன். வீட்டுக்குப் போய் பீரோவில் எல்ஐசி காகிதங்களுக்கு அடியில் வைத்தேன். கிழித்துப் போடவில்லை. கிழித்தால் குற்றம், வைத்திருந்தால் தாமதம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ள அது வசதியாக இருந்தது.

அந்த மாதச் சங்கக் கூட்டத்தில் வந்த கடிதங்களைப் படித்தேன். நாட்டிய விழா பாஸ் பற்றியது, வாகன நிறுத்தம் பற்றியது. இதைப் படிக்கவில்லை. தலைவர் 'வேற ஒண்ணும் இல்லியே?' என்றார். இல்லை என்றேன்.

பொங்கலுக்கு முன்னால், ஐந்து ரதம் கார் நிறுத்தும் இடத்தில், அவள் கேட்டாள். 'சார், ஏதோ ட்ரெயினிங் வருதாமே, சென்னையில ஃப்ரெண்ட் ஒருத்தி சொன்னா. நம்ம சங்கத்துக்கு லெட்டர் வந்துச்சா?'

'அது சென்னைக்காரங்களுக்கும்மா. நம்ம ஊருக்கெல்லாம் இல்ல.'

'நேர்ல போய் கேட்டுப் பாக்கட்டுமா சார்?'

'போய் அலையாத. வந்தா நான் சொல்லமாட்டனா?'

இந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை இன்றும் தூங்கவிடாதது. முதல் பொய் அவளைத் தடுக்கவில்லை. நேரில் போகத் தயாராக இருந்தாள். நம்பிக்கையைச் சொல்லி உட்கார வைத்தேன். அவள் அப்பா என்னிடம் ஒப்படைத்த பெண் என்பதால்தான் அந்த வாக்கியம் பலித்தது.

தேதி முடிந்து சில நாள் கழித்து, கடிதம் அனுப்பிய அலுவலகத்திலிருந்து ஒருவர் போனில் பேசினார். மரியாதையான மனிதர். 'மாமல்லபுரத்திலேர்ந்து ஒரு பேர்கூட வரலியே சார், ரெண்டு நாள் தள்ளிக் கொடுத்தாலும் வாங்கிக்கறோம்' என்றார். அவராகவே இன்னொரு வாய்ப்புத் தந்தார். நான் சொன்னேன்: 'எங்க ஊர்ப் பசங்களுக்கு இதுலெல்லாம் ஆர்வம் இல்ல சார்.'

அவர் வருத்தத்தோடு போனை வைத்தார். அந்த இடங்கள் வேறு ஊர்களுக்குப் போயின. மாமல்லபுரத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்பது அங்கே ஒரு கருத்தாகப் பதிந்துவிட்டது. பிறகு வந்த ஒரு சுற்றுக்கு எங்கள் சங்கத்தைக் கேட்கவே இல்லை. ஆறு பேரைக் கெடுத்தேன் என்று முதலில் கணக்குப் போட்டேன். அது குறைவான கணக்கு.

மார்ச்சில் கொரோனா. சின்னங்களை மூடினார்கள். விசா நின்றது. அது எல்லோருக்கும் விழுந்த அடி, அதில் என் பாவம் ஒன்றும் இல்லை என்று கொஞ்ச காலம் ஆறுதல் பட்டேன். எப்படியும் யாருக்கும் வேலை இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். திறந்த பிறகு அந்த ஆறுதலும் போயிற்று. முதலில் வந்தவர்கள் அத்தனை பேரும் நம் ஜனம். நான் ஏளனம் செய்த அதே கூட்டம். டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் மத்திய அரசு அட்டையோடு நின்றேன். தெலுங்கில் கேட்டார்கள். இந்தியில் கேட்டார்கள். 'நோ இந்தி' என்றேன். பிரெஞ்சைக் கேட்க ஒரு நாய்கூட இல்லை. கூலிங்கிளாஸ் பையன் ஒருவன் எனக்குப் பேசித் தந்தான். நான் தமிழில் சொல்ல, அவன் இந்தியில் சொன்னான். வந்த காசில் பாதி கொடுத்தேன். அவனிடம் அட்டை இல்லாததால் தனியாக உள்ளே போய்க் காட்ட முடியாது. அட்டை இல்லாததற்குக் காரணம் யார் என்று அவனுக்குத் தெரியாது. 'தேங்ஸ் அண்ணே' என்றான்.

2021–22இல் எங்கள் ஊருக்கு வந்த வெளிநாட்டவர் 1,44,984 பேர், தாஜ்மகாலுக்கு 38,922 பேர் என்று மத்திய சுற்றுலா அமைச்சகம் கணக்கு வெளியிட்டது. தாஜ்மகாலை முந்திவிட்டோம் என்று ஊரில் பேனர் வைக்காத குறை. சங்கத்தில் இனிப்பு கொடுத்தோம். நானும் தின்றேன். அதே 2022 ஜூலை இறுதியில் பக்கத்துப் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட். ஆகஸ்ட் 10 வரை நடந்தது. இதுவரை பெயரே கேட்டிராத நாட்டுக்காரர்கள் எல்லாம் எங்கள் தெருவில் நடந்தார்கள். ஆட்டம் இல்லாத ஓய்வு நாளுக்காகத் தெரிந்த டிராவல்ஸ்காரர் ஒருவர் போன் செய்தார். 'அட்டை உள்ள சின்னப் பசங்க, இங்கிலீஷோட இன்னொரு பாஷை, ஒரு அஞ்சு பேர் அனுப்புங்க.' அனுப்ப ஆள் இல்லை. சென்னையிலிருந்து வரவழைத்துக்கொண்டார். எங்கள் ஊர்ப் பாறையை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் காட்டவில்லை. அவர்கள் டீ கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

அந்த ஆறு பேரும் இப்போது என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தவரை சொல்கிறேன். ரூம் பாய் வளைகுடாவுக்குப் போய்விட்டான். சிற்பக் கல்லூரித் தம்பி கட்டிங் மெஷின் பிடித்துத் தோட்டத்துப் புத்தர் செய்கிறான். கூலிங்கிளாஸ் பையன்கள் கூலிங்கிளாஸ்தான் விற்கிறார்கள். ஆட்டோக்காரர் மருமகள் பற்றித் தெரியவில்லை. பிரெஞ்சு படித்த பெண் ஒரகடம் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறாள். ஷிப்ட் வேலை. அப்பாவுக்குக் கொரோனாவில் பட்டறை மூடிக் கடன் ஏறியது. அதை அடைக்க அவள் போனாள்.

போன வருடம் அவளிடம் சொன்னேன். அவள் வீட்டுத் திண்ணையில், அவள் அப்பாவை வைத்துக்கொண்டே சொன்னேன். பீரோவிலிருந்த கடிதத்தையும் கொண்டுபோனேன். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அவள் கடிதத்தை முழுக்கப் படித்தாள். பிறகு கேட்டாள்:

'கடைசித் தேதி இருவதா சார்?'

'ஆமாம்மா.'

'நான் உங்களைக் கேட்டது பொங்கலுக்கு முன்னாடி.'

'ஆமாம்.'

'அப்ப டைம் இருந்திருக்கு.'

இருந்தது. அதன் பிறகு போனில் ஒருவர் கூப்பிட்டு இன்னும் இரண்டு நாளும் தந்தார். அதையும் சொன்னேன். அவள் கடிதத்தை மடித்துத் திருப்பித் தந்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். மன்னிப்புக் கேட்டேனா என்றால், கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை. அவள் அப்பா இப்போது என்னை அண்ணே என்று கூப்பிடுவதில்லை. கூப்பிடுவதே இல்லை.

எனக்குச் சாதகமாகச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். 'நீ இல்லாட்டியும் அந்தப் பசங்க எத்தனை பேர் பாஸ் பண்ணியிருப்பாங்க?' என்கிறார் ஒருவர். இருக்கலாம். தோற்கும் உரிமையையும் சேர்த்துத்தான் பறித்தேன். 'பழைய ஆளுங்களுக்குப் பாதுகாப்பு வேணாமா?' என்கிறார் இன்னொருவர். வேண்டும்தான். அதைச் சங்கத்தில் பேசியிருக்கலாம், அலுவலகத்தில் கேட்டிருக்கலாம். கடிதத்தை ஒளித்துவைத்தது பாதுகாப்பு அல்ல, களவு. கமிஷன் விஷயத்தை ஏன் எழுதினாய் என்றும் இதைப் படித்த பிறகு கேட்பார்கள். பரவாயில்லை.

செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். அந்த அலுவலகத்துக்கு, பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று நான் சொன்னது பொய் என எழுத்தில் தந்திருக்கிறேன். பதில் வரவில்லை. நான் இப்போது இந்தி படிக்கிறேன், மோசமாகப் பேசுகிறேன். தபசு முன்னால் இரண்டு கட்சி வாதத்தையும் சொல்கிறேன். மூக்கைச் சொறியும் மானைக் காட்டுகிறேன், அதைக் காட்டித் தந்தது ஒரு கல்தச்சரின் மகள் என்று சேர்த்துச் சொல்கிறேன். இதனால் அவள் கடன் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

மாமல்லபுரத்திலும், இது மாதிரி ஊர்களிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். மத்திய சுற்றுலா அமைச்சகம் இணையவழியிலேயே வழிகாட்டிப் படிப்பு வைத்திருக்கிறது, போனிலேயே படிக்கலாம். மாநிலத் துறையும் அவ்வப்போது பயிற்சி நடத்துகிறது. விவரம் வேண்டுமென்றால் என்னை மாதிரி ஆளிடம் கேட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். பஸ் ஏறி நேரே அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். 'போய் அலையாதே' என்று எந்தப் பெரியவர் சொன்னாலும் போங்கள்.